வயிறு முறுக்கிய நாயின் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாய்க்கு வயிறு ஊதி முறுக்கிக்கொண்டால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" அடுத்த மூன்று நாளும் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை: "யூரின் எவ்வளவு போச்சு?"

வயிற்றைத் திருப்பி வைத்துத் தைத்த பிறகும் சில நாய்கள் பிழைப்பதில்லை. வயிற்றுச் சுவர் அழுகுவது, இதயத் துடிப்பு தாறுமாறாவது, சிறுநீரகம் படுத்துவிடுவது என்று காரணங்கள் பல. முதல் இரண்டையும் டாக்டரே எதிர்பார்த்துச் சொல்லிவிடுவார். சிறுநீரகம் சத்தம் போடாமல் கெடும். ராத்திரி முழுக்க நாயின் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கு மணி குறித்து வைக்க ஆள் இல்லாத ஊர்களில், அந்த வேலை வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. இந்த வழிகாட்டி அதற்காக.

எந்த நாய்க்கு வரும்?

மார்புக்கூடு ஆழமாக, இடுப்பு ஒட்டி, உயரமாக இருக்கிற நாய்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் எல்லாம் இந்த உடம்பு வாகு. நம் ராஜபாளையமும் அதே வாகுதான். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஒல்லியான நாய், பயந்த சுபாவமுள்ள நாய், தாய்க்கோ கூடப் பிறந்த குட்டிக்கோ இது வந்திருக்கிற நாய் என்றால் இன்னும் கூடுதல்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நாய் வாட்ச்மேன் பொறுப்பில் முகப்பில் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் ராத்திரி, ஒரு பேசின் நிறையச் சோறு. கல்யாணம், படைப்பு, சாந்தி என்று வீடு திறக்கிற நாளில் பந்தியில் மிஞ்சியதெல்லாம் அந்தப் பேசினுக்கே போகும். ஒரே வேளையாகப் பெரிய அளவில், அவசர அவசரமாகத் தின்பது வயிறு முறுக்குவதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று.

வயிறு முறுக்கினால் கிட்னிக்கு என்ன வந்தது?

மிட்டாய்த் தாளின் இரண்டு நுனியையும் முறுக்கிய மாதிரி வயிற்றின் மேல்வாயும் கீழ்வாயும் அடைபட்டுப் போகின்றன. உள்ளே காற்று ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தியாகவும் வராது, கீழேயும் இறங்காது. ஊதிய வயிறு, உடம்பின் பின்பாதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையை அழுத்திவிடும். கல்லீரலுக்குப் போகிற சிரையும் நசுங்கும். இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் குறைந்தால் அது வெளியே தள்ளுகிற ரத்தமும் குறையும்.

இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாதாரணமாகச் சிறுநீரகங்களுக்குப் போகிறது. ரத்த அழுத்தம் விழுந்ததும் உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். சிறுநீரகத்துக்குப் போகிற குழாய்களைச் சுருக்கிவிடும். சிறுநீரகத்தின் உட்பகுதியில் இருக்கிற நுண்குழல் செல்கள் நல்ல நாளிலேயே மட்டான ஆக்சிஜனில்தான் பிழைக்கின்றன. அவைதான் முதலில் சாகும்.

இரண்டாவது அடி ஆபரேஷன் மேஜையில் விழுகிறது. முறுக்கை எடுத்ததும், தேங்கிக் கிடந்த ரத்தம் அமிலத்தையும் கிருமி நச்சுகளையும் சுமந்துகொண்டு ஒரே மூச்சில் உடம்பெங்கும் பாயும். மயக்க மருந்தும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். அதற்கு மேல், ஆபரேஷன் முடிந்த மூன்று நாளுக்குள் பல நாய்களுக்கு இதயத் துடிப்பு தப்பும். அப்போதும் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும். ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தாலும் கிட்னிக்கு ஆபத்து நீங்கிவிடவில்லை என்று சொல்வது இதனால்தான்.

முதல் படி: போனில் சரியான வார்த்தை

வாட்ச்மேன் போனில் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஆச்சி, நாய் கக்கப் பாக்குது, ஒண்ணும் வரல. வெறும் நுரைதான் ஒழுகுது. படுக்க மாட்டேங்குது, சுத்திச் சுத்தி வருது." இந்தப் பக்கத்திலிருந்து போகிற பதில்: "கொஞ்சம் மோர் குடுத்துப் பாருங்கண்ணே, காலையில டாக்டரக் கூப்பிடலாம்."

அந்தக் காலை வராது. ஓங்கரித்தும் வாந்தி வராதது, எச்சில் நுரையாக ஒழுகுவது, விலா எலும்புக்குப் பின்னால் வயிறு புடைத்து, தட்டினால் மேளம் போலக் கேட்பது: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே கிளம்ப வேண்டியதுதான். மேல் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். விட்டதும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்த ஓட்டம் ஏற்கெனவே விழுந்துவிட்டது, சிறுநீரகமும் பட்டினியில் இருக்கிறது என்று அர்த்தம். ராஜபாளையத்தின் ஈறு இளஞ்சிவப்பாக இருப்பதால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் டாக்டருக்கு இது உதவும்.

செய்யக் கூடாதவை

மோர், ஓமத்தண்ணீர், சோடா, ஈனோ, விளக்கெண்ணெய், வாந்தி வரவைக்க உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். உள்ளே போக வழி இல்லாத வயிற்றுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும். வயிற்றை அமுக்கி உருவுவதும் வேண்டாம்.

மருந்து டப்பாவில் இருக்கிற வலி மாத்திரையைத் தொடவே கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் நல்ல நாளிலேயே நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் புண்ணாக்கக் கூடியவை. ரத்த அழுத்தம் விழும்போது சிறுநீரகம் தன் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கச் சில வேதிப்பொருள்களை நம்பியிருக்கிறது. இந்த மாத்திரைகள் அந்த வேதிப்பொருள்கள் சுரப்பதையே நிறுத்திவிடும். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுக்கிற ஒரு மாத்திரை சிறுநீரகத்தின் கடைசிப் பிடிப்பையும் அறுத்துவிடும்.

இரண்டாம் படி: பக்கத்து ஊரில் காற்றை இறக்கி, பிறகு பயணம்

பெரிய நாய்க்கு ராத்திரியில் வயிற்று ஆபரேஷன் செய்யக்கூடிய இடம் என்றால் நம்மில் பலருக்கு மதுரை அல்லது திருச்சிதான். காரைக்குடியிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வண்டியில் போய்விடும். அந்த நேரம் முழுக்கச் சிறுநீரகம் ரத்தமில்லாமல் கிடக்கும்.

அதனால் முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஆபரேஷன் செய்ய வசதியில்லாத டாக்டரும் உயிரைக் காக்கும் இரண்டு வேலைகளைச் செய்ய முடியும். ஒன்று, தொண்டை வழியே குழாய் விட்டோ, விலாவுக்குப் பின்னால் பெரிய ஊசி குத்தியோ வயிற்றுக் காற்றை இறக்குவது. காற்று இறங்கினாலே நசுங்கிய சிரை கொஞ்சம் திறக்கும். இன்னொன்று, ட்ரிப்ஸ். ட்ரிப்ஸ் ஏற்றுகிற வென்ஃப்ளான் ஊசியை முன்னங்காலில்தான் போட வேண்டும். பின்னங்காலில் போட்டால் அந்தத் தண்ணீர் அடைபட்ட சிரையிலேயே தேங்கும். இது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அவசரத்தில் உதவிக்கு நிற்கிற கம்பவுண்டர் எந்தக் கால் கிடைக்கிறதோ அதைப் பிடிப்பார். முன்னங்கால் என்று ஒரு வார்த்தை சொல்வதில் தப்பில்லை.

1962 என்ற எண்ணில் அரசு கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு. முயன்று பாருங்கள், ஆனால் அது வரும் என்று காத்து உட்கார வேண்டாம்.

வண்டியில் நாய் எப்படிப் படுக்க விரும்புகிறதோ அப்படியே விடுங்கள். வயிற்றில் துணி கட்ட வேண்டாம், தண்ணீர் காட்ட வேண்டாம். கூட ஒருவர் உட்கார்ந்து ட்ரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போகிறவர்களும் புதுக்கோட்டை வழியாகப் போகிறவர்களும் வண்டியில் ஏறும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள். இப்போது சர்ஜன் இருக்கிறாரா? எக்ஸ்ரே எடுக்க முடியுமா? ராத்திரி நாயோடு ஆள் இருப்பார்களா? சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவுப் பொருளான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று அங்கேயே பார்ப்பார்களா? நான்கில் முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் அடுத்த இடத்தை அழையுங்கள்.

மூன்றாம் படி: முதல் ரத்தம், முதல் சிறுநீர்

வென்ஃப்ளான் போடும்போதே கொஞ்சம் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ட்ரிப்ஸ் ஏறும் முன்பே கொஞ்சம் சிறுநீரும். அதற்காக ட்ரிப்ஸைத் தாமதிக்கக் கூடாது, கிடைத்தால் எடுப்பது நல்லது. ஏனென்றால், வயிறு முறுக்கி வந்த பல நாய்களுக்கு முதல் ரிப்போர்ட்டிலேயே யூரியாவும் கிரியேட்டினினும் ஏறித்தான் இருக்கும். ரத்தம் போகாததால் ஏறியதா, சிறுநீரகமே பழுதானதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ட்ரிப்ஸுக்கு முன் எடுத்த சிறுநீர் கெட்டியாக, அதாவது அடர்த்தி 1.030-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது, தண்ணீருக்குத் தவிக்கிறது என்று பொருள். உடம்பு வறண்டு கிடக்கும்போதும் 1.008 முதல் 1.012-க்குள் நீர்த்துப் போயிருந்தால் நுண்குழல்கள் அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ட்ரிப்ஸ் ஏறிய பிறகு எடுக்கிற சிறுநீர் எல்லா நாய்க்கும் நீர்த்துத்தான் இருக்கும். அப்போது இந்தத் தடயம் போய்விடும்.

நம் ஊர்களில் நாய் ரத்தமும் மனித லேபுக்குத்தான் போகும். எண் சரியாகவே வரும், ஆனால் பக்கத்தில் அச்சடித்திருக்கிற நார்மல் அளவு மனிதருக்கானது, அதைப் பார்க்காதீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. நம் லேபுகள் பெரும்பாலும் யூரியா என்று கொடுக்கும். கால்நடை டாக்டர்கள் படித்த அளவுகளும் வெளிநாட்டு அட்டவணைகளும் பியுஎன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும், என்ற கணக்கில் இருக்கும். யூரியாவை 2.14-ஆல் வகுத்தால் பியுஎன். லேப் சீட்டில் யூரியா 43 என்று இருந்தால் பியுஎன் 20-தான், பதற வேண்டாம்.

கிரியேட்டினினைப் பொறுத்தவரை ஒரே ஒரு எண்ணைவிட ஏறுமுகமா இறங்குமுகமா என்பதே முக்கியம். சர்வதேச அளவில் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் தரப்படுத்தலில், 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராம் ஏறினாலே அது சிறுநீரகக் காயம்தான், எண் 1.6-க்குக் கீழே, நார்மலுக்குள்ளேயே நின்றாலும். 0.9-லிருந்து 1.3-க்குப் போன நாயின் ரிப்போர்ட்டில் லேப் "நார்மல்" என்றே போட்டிருக்கும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களுக்கு இயல்பிலேயே கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். அதனால் உங்கள் நாய் நன்றாக இருந்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

லாக்டேட், அதாவது ரத்த ஓட்டம் குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற பொருள், பார்க்கிற வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். 6-க்கு மேல் இருந்தால் வயிற்றுச் சுவர் அழுகத் தொடங்கியிருக்கலாம். ட்ரிப்ஸ் ஏறியதும் அது சரசரவென்று இறங்கினால் நல்ல அறிகுறி.

நான்காம் படி: மேஜையில் ஏறும் முன் கேட்க வேண்டியவை

நேரம் குறைவு, சர்ஜனிடம் இரண்டே விஷயம் பேசுங்கள். வயிற்றைத் திருப்பிய பிறகு அதை வலது பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள் என்பது ஒன்று. தைக்காமல் விட்ட நாய்களில் பாதிக்கு மேல் மறுபடி முறுக்கும்; தைத்தால் மிக அபூர்வம். ஆபரேஷன் முடிகிறபோதே சிறுநீர்க் குழாய் போட்டு, பையோடு இணைத்துவிடுங்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாம் படி: மூன்று நாள் நோட்டு

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். நான்கு கட்டம் போடுங்கள்: மணி, உள்ளே போன ட்ரிப்ஸ், வெளியே வந்த சிறுநீர், உடல் எடை.

கணக்கு எளிது. நாய் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லி சிறுநீர் கழிக்க வேண்டும். 30 கிலோ ராஜபாளையம் என்றால் மணிக்கு 30 முதல் 60 மில்லி. ட்ரிப்ஸ் வேகமாக ஓடுகிறபோது இதற்கும் மேலே வர வேண்டும். ஆறு மணி நேரம் கூட்டிப் பார்த்து 180 மில்லிகூடத் தேறவில்லை என்றால் டாக்டரை எழுப்புங்கள். முதலில் அவர் குழாய் அடைபட்டிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து ரத்த அழுத்தம். மேல் அழுத்தம் 90-க்குக் கீழே கிடந்தால் சிறுநீரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு ரத்தமே வரவில்லை.

குழாய் போடவில்லையா? காலாற நடத்தி, கழிக்கும்போது ஒரு எவர்சில்வர் கரண்டியையோ தட்டையான கிண்ணத்தையோ நீட்டிப் பிடிக்கலாம். படுத்த இடத்திலேயே கழித்தால் விரித்த துண்டை முன்னும் பின்னும் எடை போடுங்கள். ஒரு கிராம் கூடினால் ஒரு மில்லி. சமையல் தராசு போதும்.

நாயின் எடையைத் தினமும் இரண்டு வேளை பாருங்கள். 30 கிலோ நாய் ஒரே நாளில் ஒன்றரை கிலோ கூடியிருந்தால் அது சதை அல்ல, தண்ணீர். சிறுநீர் வரவில்லையே என்று பாட்டில் மேல் பாட்டிலாக ஏற்றுவது நம் பக்கத்தில் சகஜம். இரண்டு பாட்டில் ஏற்றியும் வராத சிறுநீர் ஐந்தாவது பாட்டிலில் வந்துவிடாது. அந்தத் தண்ணீர் நுரையீரலில்தான் சேரும். மூச்சு வேகமாவது, மூக்கில் தண்ணீர் வடிவது, கண் வெள்ளை வீங்குவது எல்லாம் அதன் அடையாளம். ரத்த அளவு சரியாகி, அழுத்தமும் சரியாகி, அப்படியும் சிறுநீர் வரவில்லை என்றால் டாக்டர் ட்ரிப்ஸைக் குறைத்து, வெளியே போகிற அளவுக்கு மட்டுமே உள்ளே கொடுப்பார். சிறுநீரைப் பெருக்குகிற ஃபியூரோசமைடு ஊசி போட்டுச் சிறுநீர் வந்தால் தண்ணீர்ச் சுமை குறையும். செத்த நுண்குழல் அதனால் உயிர் பெறாது.

கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் தினம் ஒரு முறை, குறைந்தது மூன்று நாள். சிறுநீரகம் கழிக்காத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு மந்தமாகும். நாய் சோர்ந்து படுத்திருக்கிறது, துடிப்பும் நிதானமாக இருக்கிறது, ஓய்வெடுக்கிறது போல என்று நினைத்து ஏமாறுகிற இடம் இது. ஈசிஜி எடுத்தால் தெரிந்துவிடும்.

மருந்துச் சீட்டையும் பாருங்கள். டாக்டரிடம் வாதாடச் சொல்லவில்லை, கேளுங்கள். மெலாக்சிகாம் வகை வலி ஊசி இருக்கிறதா? ஜென்டாமைசின், அமிகாசின் வகைக் கிருமிக்கொல்லி இருக்கிறதா? மாட்டு வைத்தியத்தில் பழகிய கைகளுக்கு இவை எளிதாக வரும் மருந்துகள். அடிபட்ட சிறுநீரகத்துக்கு இரண்டுமே ஆகாது. "கிட்னி சரியாகுற வரைக்கும் வேற ஏதாவது குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்படமாட்டார். வலிக்கு வேறு வகை ஊசிகள் உண்டு, வலியோடு கிடக்க விடத் தேவையில்லை.

கிரியேட்டினின் நாளுக்கு நாள் ஏறி, சிறுநீரும் நின்று, பொட்டாசியமும் அடங்கவில்லை என்றால் டயாலிசிஸ்தான் வழி. நாய்களுக்கு அது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உண்டு. அவ்வளவு தூரம் அந்த நிலையில் ஒரு நாயைக் கொண்டுபோவது சரியா என்பது வீட்டுக்கு வீடு மாறும் முடிவு. கொண்டுபோவதானால் மூன்றாம் நாள்வரை காத்திருக்காமல் இரண்டாம் நாளே பேச்சைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

அடிபட்ட சிறுநீரகம் மீண்டு வரும்போது சிறுநீர் குறையாது, அதிகமாகப் போகும். செறிவாக்கும் திறன் கடைசியாகத்தான் திரும்பும். இந்தக் கட்டத்தில் "நல்லாத்தான் போகுது" என்று தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனிக்காமல் விட்டால் நாய் வறண்டு மறுபடி அடிபடும். செட்டிநாட்டு வெயிலில் சொல்லவே வேண்டாம். சாதாரணமாக ஒரு கிலோவுக்கு நாளைக்கு 50, 60 மில்லி தண்ணீர் குடிக்கும். 100-ஐத் தாண்டினால், அதாவது 30 கிலோ நாய் 3 லிட்டருக்கு மேல் குடித்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். குடிப்பதைத் தடுக்காதீர்கள். ஒரே மடக்காகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வையுங்கள். வாட்ச்மேனிடம் லிட்டர் அளவு போட்ட ஜக் ஒன்றைக் கொடுத்துவிட்டால் கணக்கு தானாக வரும்.

வாயில் அமோனியா நாற்றம், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவது, வாந்தி, நாக்கு ஓரத்தில் புண்: யூரியா ஏறுகிறது. தையல் பிரிக்கிற நாள்வரை பொறுக்க வேண்டாம்.

தையல் பிரிக்கும்போது ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை, மூன்று மாதத்தில் ஒரு தடவை கிரியேட்டினின், சிறுநீர் அடர்த்தி, சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் பாருங்கள். சிறுநீரகம் தேறி நிற்கிற உயரம் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். முழுதாகத் தேறாத நாய்க்கு உணவும் மருந்தும் வேறு கணக்கு.

பந்திச் சாப்பாடு

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், நம் சமையல் அப்படி. உலர்ந்த திராட்சையும் திராட்சைப் பழமும் நாயின் சிறுநீரகத்தை நேரடியாகவே கெடுக்கும். பாயசம், கேசரி, பிரியாணி எல்லாவற்றிலும் அது உண்டு. காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றிக் கால்நடை மருத்துவ இதழில் கட்டுரையே வந்திருக்கிறது. புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஒரு பேசின் நிறைய என்றால் வயிறு முறுக்குவதற்கும் கிட்னிக்கும் சேர்த்தே வழி பண்ணுகிறோம். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ஒரு முறை அடிபட்ட நாய்க்கு இவை எதுவும் கூடாது. வெறும் சோறு, வேகவைத்த கோழி, போதும். விசேஷ நாளில் நாயைப் பின்கட்டில் கட்டிவையுங்கள். இலை எடுக்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். பாசத்தில் போடுகிற கை அவர்களுடையதுதான்.

மறுபடி வராமலிருக்க

ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்று வேளையாக்குங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் ஓட்டம், குதியாட்டம் வேண்டாம். அவசரமாகத் தின்கிற நாய்க்குப் பேசின் நடுவில் வழுவழுப்பான குழவிக் கல்லை வையுங்கள். சுற்றிச் சுற்றித் தின்ன வேண்டியிருப்பதால் வேகம் குறையும். வாயில் கவ்வ முடியாத அளவுக் கல்லாக இருக்கட்டும். உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைப்பது நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட பெரிய நாய்களுக்குத்தான் முறுக்கு அதிகம் வந்தது. தரையிலேயே வையுங்கள்.

உங்கள் நாயோடு பிறந்த குட்டிகளை எடுத்துப்போனவர்கள் கோட்டையூரிலோ புதுவயலிலோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு போன் போடுங்கள். அந்த நாய்களுக்கும் ஆபத்து கூடுதல். பெட்டைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும்போதே, அதே மயக்கத்தில், வயிற்றையும் சுவரோடு தைத்துவிடச் சொல்லலாம்.